எலிக்குக் காம்பரா நம்பர் தெரியாது: தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோட்ட முகாமையாளர்களுக்கும் நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வில் இருக்கிறார். பிறந்த அதே லயத்தில், அதே காம்பராவில், அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இன்றும் இருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஓரறை வீடுகள், வரிசையாக உள்ள லயம். கூரை தகரம். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், விறகு அடுக்கியிருப்போம். உங்களுக்குப் பழக்கமான காட்சிதான்.

போன வருஷம் பெருமழை தொடங்குவதற்கு முன், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வைத்து வீட்டுக்கு இரண்டு பொட்டலம் என்று எலி மருந்து கொடுத்தார்கள். கொடுத்தவர் ஒரு வார்த்தையும் சொன்னார். "வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா எலி ஏன் வரப் போகுது?" வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா மட்டும் கேட்டார்: "நாங்க என்ன ஐயா, எலிய ஆசைக்கா வளக்குறோம்?" பதில் வரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். என் அம்மா விடிய நாலரைக்கு எழுந்து குசினியைக் கூட்டிக் கழுவிவிட்டுத் தேயிலை மலைக்குப் போனவர். அவர் கூட்டின தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடக்காது. அந்தக் குசினியிலும் எலி வந்தது. அப்படியென்றால் கோளாறு விளக்குமாற்றில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று நானே ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் நிற்கும் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. கைமரத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலே, முதலாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டாம் காம்பரா வரைக்கும் ஒரே திறந்த வெளி. டோர்ச் அடித்துப் பார்த்தால் சுவர்த் தலை முழுக்கப் புழுக்கை, கரும்பிசுக்காக எலி ஓடின தடம். வீட்டு எலி ஏறுவதில் கெட்டிக்காரன். சுவரில் ஏறும், கம்பியில் நடக்கும், கூரைக்கடியில் கூடு கட்டும். அதற்கு எங்கள் லயம் பன்னிரண்டு வீடல்ல, ஒரே வீடு. எலிக்குக் காம்பரா நம்பர் தெரியாது. நாலாம் காம்பராக்காரி மருந்து வைத்தால் ஐந்துக்கு நகரும், அங்கே பொறி வைத்தால் ஒன்பதுக்கு. மருந்து தீர்ந்ததும் எல்லா இடத்துக்கும் திரும்பி வரும்.

இந்த லயங்களைக் கட்டினவர்கள் ஆட்களைத் தங்கவைக்கக் கட்டினார்கள், குடும்பம் வாழக் கட்டவில்லை. 10 க்கு 12 அடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அரிசி, மா, விறகு, பிள்ளைகளின் புத்தகம், கோழிக்கூடு, படுக்கை எல்லாம் அந்த அளவுக்குள்தான். சாமான் வைக்க இடமில்லாத வீட்டில் எலிக்கு ஒளிய இடம் நிறைய இருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கெல்லாம் வலை. கதவின் அடியில் இடைவெளி கிடையாது. சுவரோரமாக நம்பர் போட்ட எலிப்பெட்டிகள், அதைப் பார்த்து எழுத ஒரு பதிவேடு. வெளிநாட்டுக்குப் போகும் தேயிலைக்கு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழுக்கு எலியும் பூச்சியும் உள்ளே வராத கட்டடம் வேண்டும். எலியை எப்படித் தடுப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறீர்கள். தொழிற்சாலையில் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "சுத்தமா இருங்க" என்று சொல்லிப் போவதில்லையே. அந்த அறிவு லயத்துக்கு ஏறி வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பொட்டலம் என்ன செய்தது என்று சொல்கிறேன். அண்ணன் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மருந்தைச் சுவர்த் தலையில்தான் வைத்தோம், கைக்கு எட்டாத உயரத்தில். ஆனால் எலி தின்கிற இடத்திலேயே எல்லாவற்றையும் தின்றுவிடாது. தூக்கிக்கொண்டும் ஓடும். ஒரு துண்டு கட்டிலுக்கடியில் விழுந்திருக்கிறது. பார்க்க நீல நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும். பிள்ளை வாயில் போட்டுவிட்டாள். அண்ணி பார்த்து விரலை விட்டு எடுத்துவிட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "ஒண்ணும் ஆகலையே" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நல்லவேளை, அண்ணன் கேட்காமல் கவரையும் எடுத்துக்கொண்டு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான்.

அங்கே டொக்டர் சொன்னது எல்லாரும் தெரிந்துவைக்க வேண்டியது. கட்டியாக வரும் எலி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுக்கிறவை. தின்ற எலி உடனே சாகாது, மூன்று நாள் ஐந்து நாள் கழித்து உள்ளே இரத்தம் கசிந்து சாகும். மனிதருக்கும் அப்படித்தான். இன்றைக்குச் சிரிக்கும் பிள்ளைக்கு நாலு நாள் கழித்துப் பல் முரசில் இரத்தம் வரலாம். அதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே. நேரத்துக்குப் போனால் காப்பாற்றலாம். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கவரையோ மிச்ச மருந்தையோ கையோடு கொண்டுபோக வேண்டும். வாகனம் இல்லை என்றால் 1990 க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடலாம், காசு கிடையாது. எங்கள் பிள்ளை தப்பினாள். இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள்.

ஆறாம் காம்பராவின் நாய் தப்பவில்லை. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றிருக்கிறது. இன்னும் மூன்று எலி கூரைக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ செத்துப்போய், இரண்டு கிழமை நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டோம். பொட்டலம் கொடுத்து ஒன்றரை மாதத்தில் மறுபடியும் மேலே ஓட்டச் சத்தம் கேட்டது. ஒரு பெட்டை எலி மூன்று கிழமையில் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும். வழி திறந்திருக்கும் வரை சாகிற எலியின் இடத்துக்கு இன்னொரு எலி வரும்.

கருஞ்சாம்பல் நிறத்தில் பூண்டு வாடை அடிக்கிற பொடி ஒன்று உண்டு, சிங்க் பொஸ்பைட். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. வயிற்றுக்குள் போனால் நச்சு வாயு ஆகிவிடும். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவில்லாத மருந்து விற்பதைத் தடுக்கிறது. ஆகவே பெயரும் லேபிளும் இல்லாமல் தாளில் மடித்துத் தரும் எதையும் எங்கள் ஆட்கள் வாங்கக் கூடாது. மலைக்கு அடிக்கிற மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதும் நிற்க வேண்டும். இது உங்கள் ஸ்டோரின் பொறுப்பும்கூட. அளந்து கொடுத்து, காலிக் கலனைத் திரும்ப வாங்கினால் போத்தல் லயத்துக்கு வராது.

சரி, மருந்து இல்லாமல் என்ன செய்வது? நாங்கள் செய்து பார்த்தோம். நாய் செத்த பிறகு லயத்துப் பொடியன்கள் எல்லாம் கோபத்தில் இருந்தார்கள். அந்தக் கோபத்தை வேலையாக்கலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, ஹார்ட்வெயார் கடையில் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையும் சீமெந்தும் வாங்கினோம். பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது ஆறு மில்லிமீற்றர், ஒரு சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் சரி. தலை நுழைந்தால் உடம்பு பின்னால் வந்துவிடும். ஆகவே அரை விரல் ஓட்டையைக்கூட விடாமல் அடைத்தோம். வெறும் சீமெந்து பூசினால் காய்வதற்குள் தோண்டிவிடும். துணியை, கடதாசியை அடைத்தால் அதையே எடுத்துக் கூடு கட்டும். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கடித்துத்தான் ஆகவேண்டும். கம்பி வலையை, இல்லையென்றால் பாத்திரம் தேய்க்கும் இரும்புச் சுருளை உள்ளே திணித்து, அதற்கு மேல் சீமெந்து பூசினால் கடிக்க முடியாது. கதவுகளின் அடியில் தகரத்தைத் தட்டையாக்கி ஆணி அடித்தோம். கூரைக்கு மேல் சாய்ந்திருந்த கொய்யாக் கிளையை வெட்டினோம். அதுவரை அது ஒரு பாலமாக இருந்திருக்கிறது.

அப்புறம் பொறி. இதில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. முதல் நாளே பொறியை இழுத்து வைத்தோம், ஒன்றும் விழவில்லை. எலி புதுச் சாமானைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். எட்டாம் காம்பராத் தாத்தா, பழைய கங்காணி, சொன்னார்: "ரெண்டு மூணு நாளு பொறிய இழுக்காம, தீனிய மட்டும் வச்சுப் பழக்கு." அப்படியே சுட்ட தேங்காய்ச் சில்லையும் கருவாட்டுத் தலையையும் நூலால் கட்டி வைத்தோம். எலி சுவரோரமாகத்தான் ஓடும், அறைக்கு நடுவில் வராது. ஆகவே பொறி சுவருக்குக் குறுக்காக, தீனி உள்ள பக்கம் சுவரைத் தொடும்படி இருக்கவேண்டும். நாலாம் நாள், பூட்டிக் கிடந்த ஒன்றைத் தவிர, பதினோரு காம்பராவிலும் ஒரே இரவில் இழுத்து வைத்தோம். விடியும்போது பதினேழு எலி.

செத்த எலியையும் புழுக்கையையும் வெறுங்கையால் தொடவில்லை. ஷொப்பிங் பையைக் கையில் மாட்டி, முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தோம். காய்ந்த புழுக்கையைக் கூட்டினால் தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். எலியின் மூத்திரத்தால் வருவதுதான் எலிக்காய்ச்சல். 2008 இல் இந்த நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் என்று பதிவானார்கள். வயல்காரர்களின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். கான் (வடிகால்) வெட்டும்போது, ஈரத் தரையில் காலில் வெட்டுக்காயத்தோடு நிற்கிற எங்கள் ஆட்களுக்கும் அது வரும். காய்ச்சல், கெண்டைக்கால் பிடிப்பு, கண் சிவப்பு, மூத்திரம் குறைவது என்று கண்டால், "எலி ஓடுற இடத்துல வேலை செஞ்சேன்" என்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தினவர்களை எனக்குத் தெரியும்.

எலியைக் கொல்வதற்கு முன் தெள்ளைக் கொல்ல வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. செத்துக் குளிர்ந்த எலியின் மேல் தெள்ளு இருக்காது. அடுத்த சூடான உடம்பைத் தேடும், அது கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையாக இருக்கலாம். எலித் தெள்ளு ஒரு வகை டைபஸ் காய்ச்சலைப் பரப்பும். ஆகவே முதலில் படுக்கையையும் நாய் படுக்கிற சாக்கையும் கொதிநீரில் போட்டுத் துவைத்து, தரைப் பிளவுகளைக் கூட்டிக் குப்பையை எரித்து, நாயையும் குளிப்பாட்டி, அதன் பிறகே பொறியை இழுக்க வேண்டும். தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க ஒரு லேசான வழி: இரவில் தட்டில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் வைத்தால் குதித்து விழும். ஒரு முறை சுத்தம் செய்ததோடு விடக் கூடாது. கூட்டுக்குள் இருக்கிற தெள்ளு வாரக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கிற அதிர்வு கேட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிப்பது அதனால்தான்.

பூட்டிக் கிடந்த வீடு என்றதும் எங்கள் தோல்வியைச் சொல்ல வேண்டும். பத்தாம் காம்பராக் குடும்பம் கொழும்புக்குப் போய் மூன்று வருஷம். கதவில் பூட்டு. நாங்கள் திறக்க முடியாது. திறந்தால் நாளைக்குப் பிரச்சினை. பதினோரு காம்பராவை அடைத்துவிட்டு ஒன்றை விட்டால் என்ன நடக்கும்? நாலு மாதம் நிம்மதியாக இருந்தோம். அஞ்சாம் மாதம் பத்தாம் காம்பராப் பக்கத்திலிருந்து ஓட்டச் சத்தம். சுவர்த் தலையை முழுதாக அடைக்கவும் எங்களால் முடியவில்லை. தகரத்தைக் கழற்றினால்தான் ஒழுங்காகச் செய்யலாம், கூரையில் கை வைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீடும் எங்களுடையதல்ல, நிலமும் எங்களுடையதல்ல. ஒரு சுவரை உயர்த்தினால் "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க" என்று கடிதம் வரும். இந்த நிலையில் இருக்கிற பெண்ணைப் பார்த்துத்தான், சுத்தமாக இரு என்று சொன்னார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்பும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில், குடலில் வாழும் கொக்கிப்புழுவை ஒழிக்கும் வேலை தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் இல்லாத லயங்களில் அதே புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக மறுபடியும் ஏறியது. மருந்து மலிவு, கட்டடம் செலவு. அன்றைக்கும் செலவு தோட்டத்தின் தலையில் விழுகிறது என்பதால் கட்டடம் பின்னுக்குப் போனது. எங்கள் பாட்டன்மாருக்கு மாத்திரை கொடுத்ததற்கும் எங்களுக்குப் பொட்டலம் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கரப்பான் விஷயமும் இப்படித்தான். இங்கே குளிர். அதனால் அது அடுப்பைச் சுற்றியே இருக்கும், சுடு சாம்பலுக்கும் சுவருக்கும் நடுவில். ஒரு வீட்டில் ஸ்பிரே அடித்தால் சாகிறது பாதி, மீதி சுவர்ப் பிளவால் பக்கத்துக் குசினிக்குப் போகும். சின்னக் கரப்பான் தன் முட்டைக் கூட்டைச் சுமந்துகொண்டே திரியும். அதற்குள் முப்பது நாற்பது முட்டை, மருந்தும் அதற்குள் இலேசில் போகாது. நாங்கள் பயன்படுத்துவது கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடர். அதே அளவு கோதுமை மா, அதில் பாதி சீனி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கடலை அளவு உருண்டையாக்கி, பிள்ளைகளுக்கும் கோழிக்கும் எட்டாத அடுப்புப் பின்புறச் சந்துகளில் வைக்கிறோம். உடனே சாகாது, ஒரு கிழமை போகும். இரண்டு மூன்று கிழமை கழித்து, முட்டையிலிருந்து வந்தவற்றுக்காக மறுபடியும் வைக்க வேண்டும். இதுவும் எல்லா வீட்டிலும் ஒரே கிழமையில் வைத்தால்தான் பலிக்கும். இரவில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதும், தண்ணீர் சொட்டாமல் பார்ப்பதும் எங்கள் வேலை. அதை மறுக்கவில்லை.

மூட்டைப்பூச்சி வருவது வேறு வழி. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற எங்கள் பொடியன்கள் ஒரு அறையில் எட்டுப் பேர் பத்துப் பேராகப் படுக்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது பையின் மடிப்பில் அதுவும் வருகிறது. வந்தவனை ஏசாதீர்கள், பையை இஸ்தோப்பிலேயே வைத்துத் துணியைக் கொதிநீரில் போடுங்கள், அவ்வளவுதான். கட்டில் மூட்டுகளில் கேத்திலோடு கொதிதண்ணீர் ஊற்றினால் பூச்சியும் முட்டையும் சாகும். மெத்தையை வெயிலில் போட்டால் போகும் என்பார்கள், மஸ்கெலியா வெயில் அதற்குக் காணாது. பட்டினி போட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். விறகடுப்பும் பலகையும் பழைய வயரும் உள்ள லயம் அது. ஒரு காம்பராவில் பற்றினால் கூரை வழியாகப் பன்னிரண்டும் போகும். லயம் எரிந்து ஒரே இரவில் வீதிக்கு வந்த குடும்பங்களை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஈயைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மரக்கறித் தோட்டங்களுக்கு லொறியில் வரும் கோழி எருவை மூடாமல் கொட்டுவதும், லயத்துக் குப்பை மேடும் இருக்கும் வரை ஈ போகாது. எருவைக் குவித்துப் பொலித்தீனால் இறுக்கி மூடி வைத்தால், அதன் சூட்டிலேயே புழு சாகும். எருவும் நன்றாக மக்கும்.

குப்பைக்கு வருகிறேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று முப்பது வருஷம் சொன்னார்கள். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் குப்பை ட்ரக்டர் பஜாரோடு திரும்பிவிடுகிறது, எங்கள் ஏற்றத்துக்கு வருவதில்லை. பிரதேச சபை உறுப்பினர்களே, இந்த மடல் உங்களுக்கும்தான். கிழமைக்கு ஒரு நாள் ட்ரக்டர் வந்து பிரட்டுக்களத்தில் நின்றால் போதும், குப்பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வருகிறோம். குப்பைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. குப்பைக்கு நாய் சேருகிறது, நாய்க்குச் சிறுத்தை லயம் வரைக்கும் இறங்குகிறது. அப்போது மட்டும் எல்லாரும் ஓடி வருகிறீர்கள்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இவை. கூரைத் தகரம் மாற்றும் லயங்களில், தகரத்தைக் கழற்றின அன்றே நடுச்சுவர்களைக் கூரை மட்டும் உயர்த்துங்கள். அதற்குக் கல்லும் சீமெந்தும்தான் வேண்டும், ஆள் நாங்கள் தருகிறோம். உயர்த்தினால் எலியோடு தீயும் ஒரு காம்பராவிலேயே நிற்கும். தகரம் மாற்றாத லயங்களுக்குக் கம்பி வலையையாவது கொடுங்கள். பொட்டலங்களுக்குச் செலவாகும் காசையே வலைக்கு மாற்றலாம். பூட்டிய காம்பராக்களின் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போட்டு, ஒரு நாள் குறித்து, தோட்டத் தலைவர் முன்னிலையில் திறந்து சுத்தம் செய்ய அனுமதி கொடுங்கள். லயத்துப் பின்கானை மழைக்கு முன் ஒரு தடவை வெட்டுவதைச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஒரு வேலையாகச் சேருங்கள், மலையில் கான் வெட்டுவதற்குச் சம்பளப் பேர் போடுகிற மாதிரி. மருந்துதான் வேண்டும் என்ற நிலை வந்தால், தொழிற்சாலையில் இருப்பதுபோல் பூட்டுப் போட்ட பெட்டியில், பழக்கின ஒருவரின் பொறுப்பில், எங்கே வைத்தோம் என்று எழுதி வையுங்கள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராப் பக்கத்தில் அதுவும் வேண்டாம், அங்கே பொறி மட்டும் போதும்.

தனிக் காணியில் தனி வீடு வரப்போகிறது, லயத்துக்கு ஏன் செலவு என்று நீங்கள் சொல்லலாம். தனி வீடு வரவேண்டும், அதற்காக நாங்களும் காத்திருக்கிறோம். ஆனால் அது வரும் வரை இரண்டரை வயதுப் பிள்ளைகள் இந்த லயத்தில்தான் தவழ்கிறார்கள். புது வீடு கட்டும்போதும் கதவடியையும் கூரை விளிம்பையும் கவனித்துக் கட்டச் சொல்லுங்கள். முகட்டு இடைவெளியை அடைக்காமல் கொடுத்த புது வீடுகளிலும் எலி குடிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் லயத்து, பக்கத்து லயத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டம் செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க வேண்டாம். அரிசியையும் மாவையும் சாக்கில் வைக்காமல் மூடியுள்ள வாளியிலோ பெரிய பிஸ்கட் டின்னிலோ போடுங்கள். வண்டும் வராது, எலிக்கும் கிடைக்காது. விறகைச் சுவரை ஒட்டி அடுக்காமல், இரண்டு கல்லை வைத்து ஒரு அடி உயரத்தில் அடுக்கினால் அடியில் கூட்டலாம், எலியும் தங்காது. கோழித் தீனியை இரவில் வெளியே விடாதீர்கள். சத்தத்தால் எலியை விரட்டும் மெஷின் என்று போனில் விளம்பரம் வருகிறது, வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள். எலி அந்தச் சத்தத்துக்கு நாலு நாளில் பழகிவிடும். எதைச் செய்தாலும் பன்னிரண்டு காம்பராவும் ஒரே நாளில் செய்யுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்குச் சேர்ந்து லயத்துக்கு வெள்ளை அடிக்கிற நமக்கு அது பெரிய காரியமில்லை. திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையையே அதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, இந்த மடலை வாசித்துவிட்டு ஒரு முறை எங்கள் லயத்துக்கு வாருங்கள். பகலில் வந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் வாருங்கள். டோர்ச்சும் ஏணியும் எங்களிடம் இருக்கின்றன. பத்தாம் காம்பராச் சாவிக்கு மட்டும் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். சாவி கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேலையைத் தொடங்குகிறோம். மிச்சச் சீமெந்தை ஈரம் படாமல் பரணில் கட்டி வைத்திருக்கிறோம், மழைக்கு முன் வந்தால் அது கட்டிபடாது.

இப்படிக்கு,
லயத்தில் வாழும் ஓர் ஆசிரியை,
மஸ்கெலியாப் பிரதேசம்.